சிறுத்தைக்குச் சொந்தமான தும்பைப் பூ

ஒரு காட்டில் துணிக்கு அச்சுப் போடும் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. நல்ல வேலைக்காரி. அதைவிடப் பெரிய கோபக்காரி. மற்றவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். இதற்கு முதுகு முழுக்க வரும்.

காட்டு விலங்குகளுக்குத் துணி எதற்கு என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. மார்கழிக் குளிர் அவற்றுக்கும் உண்டு. தூக்கணாங்குருவிகள் இலவம்பஞ்சில் துணி நெய்து கொடுக்கும். வெறும் துணியைப் போர்த்திக்கொண்டு நடக்க யாருக்குத்தான் பிடிக்கும்? எல்லோரும் முள்ளம்பன்றியிடம் வந்துவிடுவார்கள்.

முள்ளம்பன்றி தன் வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் அச்சு வெட்டும். வளைக்கு முன்னால் தும்பைச் செடிகள் இருந்தன. பக்கத்துப் புதரில் கோவைக்கொடி. தலைக்கு மேலே ஒரு புங்கமரம். அந்த நிழலில்தான் அதன் இரண்டு குட்டிகளும் உருண்டு விளையாடும். முள் இன்னும் கெட்டிப்படாத குட்டிகள்.

பார்த்த பூவையும் இலையையும் மரக்கட்டையில் பல்லால் கொறித்துக் கொறித்துச் செதுக்கும். வேலைக்கு இரண்டு பானைகள். ஒன்றில் கடுக்காய் ஊறிய தண்ணீர். இன்னொன்றில் வேடன் விட்டுப்போன துருப்பிடித்த பொறியை வெல்லத்தோடு ஊறப்போட்ட இரும்புத் தண்ணீர். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்தால் மஞ்சளாகும். காய்ந்த பிறகு கட்டையை இரும்புத் தண்ணீரில் தோய்த்து ஒத்தினால், பட்ட இடம் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். இரண்டு தண்ணீரும் சேர்ந்தால்தான் கருப்பு. இரும்புத் தண்ணீர் மட்டும் பட்டால் லேசான கறைதான் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தது. அதற்கு ஒரே ஒரு குணம். எதைப் பார்த்தாலும் "என்னுடையது" என்று சொல்லும்.

ஒரு நாள் சிறுத்தை வந்து தும்பைப் பூப் போட்ட போர்வை ஒன்றை வாங்கிப் போனது. மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வாசலில் நின்ற தும்பைச் செடியை முறைத்துப் பார்த்தது.

"ஏய் முள்ளி, என் போர்வையில இருக்கிற பூ உன் வாசல்ல என்ன பண்ணுது?"

முள்ளம்பன்றிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "இந்தப் பூவைப் பார்த்துத்தானே உங்க போர்வையில போட்டேன்?"

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அது என் பூ. அதே மாதிரி இங்க இன்னொண்ணு இருக்கக் கூடாது."

"அப்பனுக்கு முன்னால பிள்ளை பொறக்குமா? செடிதாங்க முதல்ல."

"ஆமையார்கிட்ட கேட்போம்" என்றது சிறுத்தை.

ஆமையார்தான் அந்தக் காட்டின் நீதிபதி. ஒரு முறை சொன்ன தீர்ப்பை மாற்றவே மாட்டார். அதில் அவருக்கு மகா பெருமை. ஆற்றங்கரையில் வழக்கு நடந்தது. சிறுத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. ஆமையார் அந்தப் பற்களைப் பார்த்தார். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளே இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ஓர் உருவம் முதலில் யாருடைய துணியில் ஏறுகிறதோ, அந்தத் துணிக்குச் சொந்தக்காரரே உருவத்துக்கும் சொந்தக்காரர். அதே உருவம் வேறு எங்கே இருந்தாலும் அது நகல். நகலை நீக்க வேண்டும். இது தீர்ப்பு."

கேட்டீர்களா அநியாயத்தை? இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மழையில் முளைத்து, வெயிலில் வளர்ந்து, ஒருவரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்காத தும்பைச் செடி நகலாம். கடைக்கு வந்து போர்வை வாங்கியவர் அசலாம்.

தீர்ப்பை நிறைவேற்ற ஐந்து காட்டுப்பன்றிகள் இருந்தன. பிடுங்கு என்றால் பிடுங்கும். எதை, ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று மத்தியானமே வந்து வாசல் முழுக்க மூக்கால் உழுது, தும்பைச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டன. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அதன் முள்ளால் தன்னைக் காத்துக்கொள்ள முடிந்தது. செடியைக் காக்க முடியவில்லை.

அடுத்த வாரம் கடமான் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளைக்காகக் கோவைக்கொடி அச்சில் ஒரு போர்வை தயாரானது. கல்யாணத்துக்குச் சிறுத்தையும் வந்தது, அழைக்காமல்.

"போர்வை அழகா இருக்கு" என்று மாப்பிள்ளையிடம் சொன்னது. சொல்லிவிட்டு நகரவில்லை.

உயிரா போர்வையா என்று வந்தால் யார்தான் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்? கடமான் கழற்றிக் கொடுத்துவிட்டது. மறுநாள் பன்றிகள் வந்து கோவைக்கொடியை அறுத்து இழுத்தன. அந்தக் கொடிக்கு அடியில் ஒரு மூஞ்சூறு குடியிருந்தது. ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. சருகு விழுந்தாலும் ஓடும். கூரை போய்விட்டதால் நடுங்கிக்கொண்டே முள்ளம்பன்றியின் வளைக்குள் வந்து ஒட்டிக்கொண்டது.

"இனிமே நான் ஒரு இலையும் வெட்டப் போறதில்லை" என்றது முள்ளம்பன்றி. "வெட்டினாத்தானே பிடுங்குவான்."

சிறுத்தை அதற்கும் வந்து நின்றது.

"அந்தப் புங்க இலையை எனக்கு அச்சு வெட்டிக் கொடு. மரம் நல்லா நிழல் தருது. எனக்கு வேணும். இலை என்னுதாயிட்டா மரத்தைப் பிடுங்குறதும் விடுறதும் என் இஷ்டம்."

"முடியாது."

"முடியாதா? சரி. நான் இங்கேயே படுத்திருக்கேன். உன் குட்டிங்க எப்பவாவது வெளிய வந்துதானே ஆகணும்?"

சொன்னபடியே வாசலை அடைத்துக்கொண்டு படுத்தது. குட்டிகள் உள்ளே ஒடுங்கிக்கொண்டன. முள்ளம்பன்றி இரை தேட மட்டும் வெளியே போய்வரும். அதன் முள்ளுக்குப் பயந்து சிறுத்தை வழிவிடும். ஆனால் அந்த இடத்தை விட்டு எழுந்து போகாது. வளைக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் செடி இல்லை, கொடி இல்லை, மரமும் தெரியவில்லை. மஞ்சள் தோலும் கரும்புள்ளியும்தான் தெரிந்தன.

முள்ளம்பன்றி இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தது. மூன்றாம் நாள் ஒரு புதுக் கட்டையை எடுத்தது.

கொறிக்கும் சத்தம் கேட்டதும் சிறுத்தைக்கு ஒரே சந்தோஷம். "என்ன முள்ளி, வழிக்கு வந்துட்டியா? நல்லா வருதா?"

"நல்லாப் பார்த்துத்தான் வெட்டுறேன்" என்றது முள்ளம்பன்றி. "நீங்க அசையாம படுங்க. வெளிச்சம் மறையுது."

சிறுத்தை அசையாமல் படுத்துக்கொடுத்தது. தான் வந்து படுத்த பத்தாம் நாள் காலை, ஆற்றங்கரையில் காட்டையே கூட்டி இலைத் துணியை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னது. அசட்டுச் சிறுத்தை.

கட்டை தயாரானதும் முள்ளம்பன்றி மூஞ்சூறைக் கூப்பிட்டது. "உனக்கு ஒரு துண்டு போட்டுத் தரேன். பத்தாம் நாள் காலையில ஆமையார் முன்னால அது என்னுதுன்னு நீ சொல்லணும்."

"சிறுத்தையும் இருக்குமே அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே சொல்லு. சொன்னாப் போதும்."

இந்த முறை முள்ளம்பன்றி வேலையைத் தலைகீழாகச் செய்தது. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைக்கவில்லை. கட்டையை இரும்புத் தண்ணீரில் தோய்த்து, வெறும் வெள்ளைத் துண்டின் மேலேயே ஒத்தியது. ஒத்திய இடம் தெரிந்தும் தெரியாமலும் மங்கலாக இருந்தது. சரியாகத் துவைக்காத துணி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பத்தாம் நாள் காலை காடே ஆற்றங்கரையில் கூடியது. மரம் தன் கைக்கு வருவதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று சிறுத்தைதான் கூட்டியிருந்தது. ஐந்து பன்றிகளும் வரிசையாக நின்றன. ஆமையார் சிறுத்தையைக் கண்டதுமே தலையை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டார்.

முள்ளம்பன்றி கடுக்காய்ப் பானையை உருட்டி வந்து வைத்தது. அதன் நிழலில் ஒட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு மூஞ்சூறு வந்தது.

"அது என்னடா தோள்ல?" என்று உறுமியது சிறுத்தை.

மூஞ்சூறுக்குக் கால் நான்கும் நான்கு பக்கம் இழுத்தன. "துண்டுங்க ஐயா. என்... என்னுதுங்க."

சிறுத்தை குனிந்து பார்த்தது. முகம் சுளித்தது. "கறை பிடிச்ச துண்டு. இதை யாரு கேட்டா? உன்னுதுதான், நீயே வச்சுக்கோ."

"ஆமையாரே, கேட்டீங்களா?" என்றது முள்ளம்பன்றி. "துண்டு யாருடையது?"

ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "துண்டு மூஞ்சூறினுடையது. சிறுத்தையாரே ஒப்புக்கொண்டார். குறித்துக்கொள்ளப்பட்டது."

"என் புங்க இலை எங்க?" என்று சிறுத்தை பொறுமை இழந்தது.

"இருங்க. முதல்ல இவன் துண்டை நனைச்சிடுறேன்."

முள்ளம்பன்றி துண்டை வாங்கிக் கடுக்காய்ப் பானைக்குள் அமுக்கியது. நன்றாகப் புரட்டி எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து உதறி விரித்தது.

துண்டு மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் முழுக்க வட்ட வட்டமாகக் கருப்பு ஏறிக்கொண்டே வந்தது. சிறுத்தையின் தோளில் இருக்கும் பூவிதழ்ப் புள்ளி, வயிற்றோரத்துச் சின்னப் புள்ளி, கழுத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டைப் புள்ளி வரைக்கும் அதில் இருந்தது. கூட்டம் துண்டைப் பார்த்தது. சிறுத்தையைப் பார்த்தது. மறுபடி துண்டைப் பார்த்தது.

"சொல்லுடா" என்றது முள்ளம்பன்றி.

மூஞ்சூறு பயந்துகொண்டேதான் சொன்னது. "ஐயா, இது என் துண்டு. இதுல இருக்கிற உருவம் என்னுது. இதே மாதிரி ஒண்ணை இங்க ஒருத்தர் போட்டுக்கிட்டு இருக்காருங்க."

யார் என்று ஆமையார் வெளியே எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அவருக்கு எப்போதோ விட்டுப் போயிருந்தது. "தீர்ப்பு ஏற்கெனவே உள்ளதுதான். உருவம் துண்டின் சொந்தக்காரருக்கே சொந்தம். மற்றது நகல். யாரிடம் இருந்தாலும் நீக்க வேண்டும்."

பன்றிகள் தலையைத் தூக்கின. "எதைப் பிடுங்கணும்?"

"தோலை" என்றது முள்ளம்பன்றி.

ஐந்தும் சிறுத்தையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தன. சிறுத்தை மூஞ்சூறின் மேல் பாயப் பார்த்தது. முள்ளம்பன்றி குறுக்கே வந்து முதுகைத் திருப்பி முள்ளை விரித்தது. முன்னால் முள், பின்னால் பன்றிகளின் கோரைப்பல். சிறுத்தைக்கு அப்போதுதான் குரல் இறங்கியது.

"இது என் உடம்பு. நான் பொறக்கும்போதே இருந்த புள்ளி. இது எப்படி நகலாகும்?"

"தும்பையும் பொறக்கும்போதே தும்பைதான்" என்றது முள்ளம்பன்றி. "அன்னைக்கு நான் சொன்னப்ப உன் காது எங்க போச்சு? வாசல்ல நிக்கிறதைத்தான் நான் வெட்டுவேன். இருந்ததையெல்லாம் பிடுங்கினே. பத்து நாளா என் வாசல்ல இருந்தது நீதான். உன்னை வெட்டினேன்."

"ஆமையாரே, தீர்ப்பை மாத்துங்க" என்று கத்தியது சிறுத்தை.

"நான் தீர்ப்பை மாற்றுவதில்லை" என்றது ஓடு.

பன்றிகள் இன்னும் ஓர் அடி வைத்தன. சிறுத்தை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. கடமான் மாப்பிள்ளை கூட ஒதுங்கி வழிவிடவில்லை. வேறு வழியில்லாமல் மூஞ்சூறைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தியது. "நீங்கதான் சொந்தக்காரர். நீங்க சொன்னா விட்டுடுவாங்க."

மூஞ்சூறு முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி சொன்னது: "முதல்ல தும்பைப் போர்வையும் கோவைப் போர்வையும் வரட்டும்."

பன்றிகள் கூடவே காவல் போக, சிறுத்தை இரண்டையும் கொண்டுவந்து போட்டது. முள்ளம்பன்றி அங்கேயே அவற்றைப் பல்லால் கிழித்தது. கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை துண்டு. கடமானுக்கு ஒன்று, குருவிக்கு ஒன்று, நண்டுக்குக் கூட ஒன்று. துணி யாரிடம் இருக்கிறதோ உருவம் அவருக்குச் சொந்தம் என்றால், அந்த நிமிடம் முதல் தும்பையும் கோவையும் காடு முழுவதற்கும் சொந்தமாகிவிட்டன. ஆமையாரின் தீர்ப்பை யாரும் மாற்றவும் இல்லை.

மூஞ்சூறு துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டது. "தோலை இப்போதைக்கு அவரே போட்டுக்கட்டும். நான் கேட்கிற அன்னைக்குக் கழட்டித் தரணும்" என்றது. பன்றிகள் விலகிக்கொண்டன.

புங்கமரம் பிழைத்தது. குட்டிகள் அதன் நிழலுக்குத் திரும்பின. வாசல் மட்டும் ஒரு மழைக்காலம் வரை வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கியவர்களில் ஒருவர்கூட வந்து ஒரு செடி நட்டுக் கொடுக்கவில்லை. தும்பை தானாகத்தான் முளைத்தது. முள்ளம்பன்றியின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

எதிரே அந்த மஞ்சள் துண்டு வந்தால் சிறுத்தை பாதையை விட்டு இறங்கி நிற்கிறது. யார் வாசலிலும் அது இப்போது நிற்பதில்லை.

நீதி: அடுத்தவர் வாசலைப் பறிக்க நீ வாங்கிய தீர்ப்பு, ஒரு நாள் உன் தோலைக் கேட்டு வரும்.