துவாதசிச் சோறும் துபாஷியின் தமிழும்

முன்னொரு காலத்தில், கடலோர ராஜ்யம் ஒன்றை ஆண்ட அரசருக்கு யார் எதைச் சொன்னாலும் அதைச் சட்டமாக்கிவிடும் ஆசை இருந்தது.

அவருடைய சபைக்கு ஓர் இங்கிலீஷ் தூதர் வந்தார். அவர் பேசியதைத் திருவேங்கடம் என்ற துபாஷி தமிழில் சொன்னார்: "கப்பல்கள் நிற்க இடம் கேட்கிறார், மகாராஜா." மறுநாள் தூதர் அதையே மரியாதையாக, நீட்டி முழக்கிக் கேட்டார். "நேற்றுக் கேட்ட இடத்தைத்தான் இன்றும் கேட்கிறார்" என்றார் துபாஷி.

துபாஷியின் மேல் அரசர் வைத்திருந்த பிரியம் மந்திரி அனந்தராயரின் கண்ணை நெடுநாளாக உறுத்தியது. இங்கிலீஷில் ஒரு சொல்லும் அறியாத அவர் எழுந்தார்.

"மகாராஜா, நேற்று அந்தத் துரை வாயைத் திறந்தார், மூடினார். இன்று தாம்பூலம் மென்று தீரும் நேரம் பேசினார். இரண்டுக்கும் ஒரே பொருளா? இவன் எதையோ மறைக்கிறான்."

அரசர் உடனே சட்டம் போட்டார். "சொல் வேறானால் பொருளும் வேறு. பொய் சொன்ன துபாஷி நாட்டைவிட்டு வெளியேறட்டும்."

விகடகவி மருதப்பன் துபாஷியின் முகத்தைப் பார்த்தார். துபாஷியின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி என்பது மருதப்பனுக்குத் தெரியும்.

"மகாராஜா, இன்று ஏகாதசி. பட்டினி கிடப்பவரைத் துரத்துவது பாவம். நாளை விரதம் முடித்துவிட்டுப் போகட்டும். ஒரு சந்தேகம், இந்தச் சட்டம் அரண்மனை முழுவதற்கும்தானே?"

"முழுவதற்கும்தான்."

மருதப்பன் நேரே மடைப்பள்ளிக்குப் போய்ச் சமையற்காரர் காதில் சட்டத்தை ஓதினார்.

துவாதசிக் காலையில் அரசரும் சபையாரும் இலை முன் அமர்ந்தார்கள். துபாஷி மட்டும் வாசலோரம் நின்றார். மந்திரி சொன்ன பிறகே பரிமாறுவது அங்கே வழக்கம்.

"ம், பரிமாறுங்கள்" என்றார் அனந்தராயர்.

சமையற்காரர் கைகட்டி நின்றார். "சாமி, போன துவாதசிக்கு நீங்க சொன்ன வார்த்தை இது இல்லீங்களே. வார்த்தை மாறினா பொருளும் மாறுமாம், சட்டம். இப்ப நாங்க என்ன செய்யணும்?"

"அமுது படையுங்கள்!"

"இதுவும் இல்லீங்க."

"அட, சோத்தைப் போடுய்யா!"

"ஐயோ, இது ரொம்பத் தள்ளிப் போயிடுச்சுங்க."

அகத்திக்கீரையின் மணம் கூடத்தில் சுற்றியது. மந்திரிக்குக் கண் இருட்டியது.

"போன துவாதசிக்கு என்ன சொன்னேன்னு எவனுக்குய்யா ஞாபகம் இருக்கு? சொன்னேன், சோறு வந்துச்சு! எப்படிச் சொன்னா என்ன, எனக்குப் பசிக்குது!"

மருதப்பன் எழுந்து வணங்கினார். "மகாராஜா, துரையும் அப்படித்தான். எப்படிச் சொன்னாலும் அவருக்கு வேண்டியது கப்பலுக்கு இடம். மந்திரியாரின் பசி நமக்கு விளங்கியதுபோல அது துபாஷிக்கு விளங்கியது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சட்டமும் ரத்து, தண்டனையும் ரத்து! மருதப்பா, என்ன பரிசு வேண்டும்?"

"முதல் கரண்டி மந்திரியாருக்குப் போட உத்தரவு வேண்டும். பாவம், வாடிப்போய்விட்டார்."

பொறாமைப்படுகிறவரும் பசித்தவர்தான் என்று நம்புகிறவர் மருதப்பன். தாமே கரண்டியை எடுத்துச் சோறு வைத்தார், நெய்யைத் தாராளமாக ஊற்றினார். இலையில் கை வைத்த அனந்தராயர் கையை எடுத்துக்கொண்டார். வாசலோரம் நின்ற துபாஷியைப் பார்த்தார். பிறகு சற்று நகர்ந்து, தம் பக்கத்தில் ஓர் இலைக்கு இடம் விட்டார்.

திருவேங்கடம் வந்து உட்கார்ந்தார்.

அதைக் கண்ட அரசர் மறுபடியும் சிரித்து, தம் பட்டுச் சால்வையை எடுத்து, கரண்டியும் கையுமாக நின்ற மருதப்பனின் தோளில் போர்த்தினார்.