நாலு சக்கரத்துல வந்த அம்மா வீடு

காலைக் கொஞ்சம் மடக்கு. இன்னும். ஆங், இப்போ நானும் முதுகைச் சாய்க்கலாம். வெளிய உங்க மாமா மடக்குக் கட்டிலைப் போட்டு அதுக்குள்ள குறட்டையை ஆரம்பிச்சாச்சு, கேக்குதா? கடலும் அவரும் போட்டி போடுறாங்க. சரி, கதை சொல்லுதேன். ஆனா நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிருவேன், பொறவு அழப்படாது.

ஒரு ஊர்ல ஒரு கிழட்டு வேன் இருந்துச்சு. சங்கரன்கோயில் பக்கத்துல. வெள்ளை வேன்தான், ஆனா வெள்ளை எங்க இருக்குன்னு தேடணும். கல்யாண வீட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போய் ஏத்திட்டுப் போய், சீட்டெல்லாம் பிஞ்சு பஞ்சு வெளிய வந்துருச்சு. சாவியைத் திருப்பினா "க்ர்ர்... க்ர்ர்... புஸ்ஸ்". அப்புறம் ஒரு தட்டு தட்டினாத்தான் "டுர்ர்ர்". அந்த வேனுக்கு ஒரு டிரைவர். அவர் பேரை நான் சொல்ல முடியாது, ஏன்னு கேக்காத.

"மாமா பேருதான, எனக்குத் தெரியும்."

தெரிஞ்சா மனசுக்குள்ள வச்சுக்கோ. அந்த டிரைவருக்கு ஒரு பொண்டாட்டி. பேரு பொன்னுக்கிளி. நல்ல அழகு, நல்ல கெட்டிக்காரி, சமையல்ல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது.

"அது நீங்க."

குறுக்கப் பேசாத. டிரைவருக்கு ஒரு அம்மா, ஆவுடையம்மா. மாமியா பேரைச் சொல்லலாம், அவங்க இங்கயா இருக்காங்க. அப்புறம் ஒரு தங்கச்சி, கோமு. கோமுவைச் சின்னமனூர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. இந்த வேன்லதான் மாலையும் கழுத்துமா அவளைக் கொண்டு போய் விட்டுட்டு வந்தாங்க. ம் சொல்லு.

"ம்."

அப்போ ஒருநாள் கோமுகிட்ட இருந்து போன். வயித்துல பாப்பா. முதல் பிரசவம் அம்மா வீட்டுலதான பாக்கணும்? ஆனா டாக்டரம்மா, "வீட்டுக்குள்ள நாலு எட்டு நடக்கலாம், வண்டியில பயணம் போகவே கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. கோமு போன்ல ஒரே அழுகை. "எம்மா, எனக்குப் பயமா இருக்கு, நீ வந்து கூட இரு"ன்னு கேக்கா. ஆவுடையம்மா அங்க போய் இருக்கலாம்ல? இருக்க முடியாது. பேரப்பிள்ளை பிறக்குற வரைக்கும் பொண்ணு குடுத்த வீட்டுல கை நனைக்கிறது அவங்க வழக்கத்துலயே இல்ல. பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டாங்க, ராத் தங்க மாட்டாங்க. அது என்ன வழக்கமோ, எனக்கும் எரிச்சல்தான். ஆனா அந்த அம்மாவுக்கு அதுல ஒரு பிடிவாதம். மகளை விட்டுட்டும் இருக்க முடியல. சோறு இறங்கல, தூக்கம் இல்ல.

மூணாம் நாள் காலையில ஆவுடையம்மா வாசல்ல நின்னு வேனையே பாத்துட்டு இருந்தாங்க. டிரைவர் அதைப் பழைய இரும்புக்குப் போட ஆள் பேசி வச்சிருந்தார். அம்மா சொன்னாங்க, "ஏல, அவ வீட்டுக்கு வர முடியாது. நான் அங்க தங்க முடியாது. அப்போ வீட்டைத்தான் கூட்டிட்டுப் போகணும். இதை வீடாக்கு."

டிரைவர் திருதிருன்னு முழிச்சார். பொன்னுக்கிளிதான் ஸ்பானரை எடுத்துக் கையில குடுத்தா. நான்தான் சொன்னேனே, கெட்டிக்காரின்னு.

முதல்ல சீட்டைக் கழட்டணும். போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. மண்ணெண்ணெயை ஊத்தி, ஊற வச்சு, ரெண்டு பேரும் தொங்கி இழுத்தா, "கிரீ... கிரீச்... டக்". கழண்ட வேகத்துல டிரைவர் எந்திரிச்சார். எந்திரிச்சாரா, மண்டையில "ணங்"!

என்னன்னு பாத்தா, கூரைக்குக் கீழ நீளமா ஒரு கம்பி. நின்னுட்டு வாரவங்க பிடிச்சுக்கிடுற கம்பி. டிரைவர் மண்டையைத் தேச்சுக்கிட்டே, "இதை முதல்ல அறுத்துப் போடுதேன்"ன்னு ரம்பத்தை எடுத்தார். ஆவுடையம்மா வாசல்ல இருந்து, "அது கிடக்கட்டும்ல"ன்னாங்க. "ஏம்மா?" "துண்டு காயப்போட ஆகும்."

சரின்னு விட்டுட்டார். ம் எங்க?

"ம்."

அப்புறம் கட்டில். பழைய கதவு ஒண்ணைப் படுக்கப் போட்டு, அடியில காலு கொடுத்து, "டொக் டொக் டொக்". கட்டிலுக்கு அடியில அரிசி டப்பா, துணிப்பெட்டி, ஆவுடையம்மாவோட அம்மிக்கல்லு. ஆமா, அம்மிக்கல்லு. மிக்ஸியில அரைச்சா மகளுக்கு மருந்துக் குழம்பு ருசிக்காதாம். வண்டியை ஓட்டிப் பாத்தாங்க. முதல் வளைவுல அம்மி "கடகடகட"ன்னு உருண்டு வந்து கதவுல "டம்". அடுத்த வளைவுல அந்தப் பக்கம் போய் "டம்". பொன்னுக்கிளி பாத்தா. கழட்டிப் போட்ட சீட்டுல இருந்து பெல்ட்டை அறுத்து, அம்மியைக் கட்டில் காலோட சேத்து இறுக்கிக் கட்டினா. அம்மி அதுக்கப்புறம் அசையலையே. பாராட்ட வந்த டிரைவர் நிமிந்தாரா, "ணங்"!

ரம்பத்தை எடுத்தார். "கிடக்கட்டும்ல. ஏறி இறங்கப் பிடிச்சுக்கிட ஆகும்"ன்னாங்க அம்மா.

அப்புறம் அடுப்படி. பின்கதவுப் பக்கம் ஒரு பலகை, அதுல ஒரு ஒத்தை அடுப்பு, ஓரத்துல தண்ணிக் கேன், கேன்ல ஒரு பைப்பு. ஜன்னலுக்கெல்லாம் பொன்னுக்கிளி அவ கல்யாணச் சேலை தவிர மத்த சேலை எல்லாத்தையும் வெட்டித் திரை தச்சா. எல்லாம் முடிஞ்சுது. பால் காய்ச்சாம வீடு குடி போகலாமா? அடுப்பு கிழக்க பாத்து இருக்கணும்னு வேனைத் திருப்பி நிறுத்தி, பாலைக் காய்ச்சினாங்க. "சொர்ர்ர்"ன்னு பொங்கி வழிஞ்சுது. சந்தோஷத்துல டிரைவர் ஒரு குதி குதிச்சார் பாரு.

"ணங்!"

ஆங், நீயே சொல்லிட்ட. மூணாவது தடவை. அந்த ஆளுக்கு மண்டை வீங்கிப் போச்சு. இந்தத் தடவை ரம்பத்தைக் கம்பியில வச்சே வச்சுட்டார். "கர்ர் கர்ர்"ன்னு ரெண்டு இழு இழுத்தாச்சு. ஆவுடையம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சாங்க. "வேண்டாம்ல." "காரணம் சொல்லும்மா." அம்மா வாயைத் திறக்கல. கண்ணு மட்டும் கலங்கிருச்சு. டிரைவர் ரம்பத்தைக் கீழ வச்சுட்டார்.

அப்புறம் வேன் கிளம்புச்சு. டுர்ர்ர். ராஜபாளையம் தாண்டி, மலையை ஒட்டியே போய், சின்னமனூர்ல சம்பந்தி வீட்டு வாசல்ல "புஸ்ஸ்"ன்னு நின்னுச்சு. கோமு ஜன்னல் வழியாப் பாத்தா. வேன் பின்கதவு திறந்து கிடக்கு, அம்மா அடுப்புல ரசம் கொதிக்குது. அவ சிரிக்கிறாளா அழுறாளான்னே தெரியல.

ஆனா கோமுவோட மாமியா சீனியம்மா இருக்காங்களே, அவங்களுக்கு மூஞ்சி சிவந்துருச்சு. விறுவிறுன்னு வந்தாங்க. "மதினி, எங்க வீட்டுல நாலு ரூம் கிடக்கு. நீங்க தெருவுல படுத்துக் கிடந்தா என்னை ஊரு காறித் துப்பாது? ஒண்ணு உள்ள வாங்க. இல்லைன்னா வண்டியைத் திருப்புங்க."

அவ்வளவு வேலை பாத்தது வீணாப் போயிரும் போல இருக்கு, கோமு ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருக்கா. ஆவுடையம்மா அசையல. "நான் தெருவுல இல்ல மதினி, என் வீட்டுல இருக்கேன். நீங்கதான் இன்னும் என் வீட்டுக்கு வரல. ஏறி வந்து ஒரு வாய் காப்பி குடிங்க. குடிச்சிட்டும் திருப்பச் சொன்னா, திருப்பிடுதேன்."

வீட்டுக்கு வான்னு கூப்பிட்டா எப்படி மாட்டேங்குறது? சீனியம்மா சேலையைத் தூக்கிப் பிடிச்சுட்டு ஏறினாங்க. ஏறினாங்களா?

"ணங்."

ணங்தான். "என்ன மதினி கம்பி இது, இதை அறுத்து எறியப்படாதா?"ன்னு மேல பாத்தாங்க. ரம்பம் பட்ட தழும்பைப் பாத்தாங்க. ஆவுடையம்மா மூஞ்சியைப் பாத்தாங்க. திரும்பக் கம்பியைப் பாத்தாங்க. அவ்வளவுதான், அப்படியே கட்டில்ல உக்காந்துட்டாங்க. காப்பியைக் குடிச்சாங்க. இறங்கிப் போகும்போது, "ராத்திரி பனி விழும், ஜன்னலை அடைச்சுக்கோங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. மறுநாள் ஒரு பழைய துணியைக் கொண்டு வந்து, கம்பியில யார் மண்டையும் இடிக்காம மெத்துமெத்துன்னு சுத்திக் கட்டிட்டுப் போனாங்க. திருப்பச் சொல்லவே இல்ல.

பொன்னுக்கிளிக்கு ஒண்ணும் புரியல. டிரைவருக்கு எப்பவுமே எதுவும் புரியாது. கேக்குதியா?

"...ம்."

கோமு தினமும் நாலு எட்டு நடந்து வேனுக்கு வந்தா. அம்மா மடியில படுத்துக்கிட்டா, மருந்துக் குழம்பு சாப்பிட்டா. பயமெல்லாம் போச்சு. அப்புறம் ஒரு காலையில ஆஸ்பத்திரியில "குவா குவா". பொட்டப்பிள்ளை. மூக்கு அப்படியே அவ அத்தை மாதிரி. சிரிக்காத, படுத்துக்கோ.

பாப்பாவைத் தூக்கிட்டு வந்து கோமு தெருவுல நிக்கா. இந்தப் பக்கம் மாமியா வீடு, அந்தப் பக்கம் வேன். எங்க போகன்னு தெரியல. சீனியம்மாதான் சொன்னாங்க, "என்ன முழிக்க? பிள்ளை பெத்தவ முதல்ல அம்மா வீட்டுக்குத்தான் போகணும். ஏறு." சொல்லிட்டு அவங்களே முன்னாடி ஏறி, அக்குள்ல இடுக்கியிருந்த அவங்களோட பழைய நூல் சேலையை எடுத்து, அந்தக் கம்பியில முடிச்சுப் போட்டுத் தொட்டில் கட்டினாங்க. இழுத்துப் பாத்தாங்க. கம்பி கல்லு மாதிரி நின்னுச்சு.

ஆவுடையம்மா அப்போதான் வாயைத் திறந்தாங்க. "பிறக்குறதுக்கு முந்தி தொட்டில் பேச்சு எடுக்கப்படாதுல்ல மதினி, அதான் யார்கிட்டயும் சொல்லல." "தெரியும் மதினி. எனக்கும் சொல்ல முடியல, அதான் துணியைச் சுத்தினேன்." ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுட்டு அழுதாங்க. டிரைவர் மண்டையைத் தடவிக்கிட்டே போய் ரம்பத்தைக் கொண்டு ஒளிச்சு வச்சார்.

அன்னைக்கு மத்தியானம் சீனியம்மா வீட்டுல ஆவுடையம்மாவுக்கு இலை போட்டாங்க. பேத்திதான் வந்தாச்சே, இனி கை நனைக்கலாம்ல? மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க. ராத்திரி அவங்க அந்த வீட்டுல நல்லாத் தூங்கினாங்க, சீனியம்மா வேனுக்கு வந்து பேத்தி தொட்டிலுக்குக் கீழ தூங்கினாங்க.

அத்தை சொல்லுதேன், மேல பாரு. துணி சுத்தியிருக்கா? அதுக்குப் பக்கத்துல ரம்பத் தழும்பு. நீதான் அதுல தொங்கினவ. இப்போ காலு கட்டிலைத் தாண்டி நீளுது, அப்போ ஒரு முழம் கூட இல்ல.

ம் சொல்லு.

ஏட்டி.

தூங்கிட்டியா. சரி, கதையும் வந்து சேந்துச்சு, வண்டியும் நின்னுச்சு. அம்மா வீட்டுலதான் படுத்திருக்க, நல்லாத் தூங்கு.