ஒன்பதாவது மோட்டர்

டேய், கம்ப்யூட்டர் கதைன்ன உடனே கொட்டாவி விடாதீங்க. இதுல இறால் வருது. வாயத் தொறக்கறதுன்னா அதுக்குத் தொறங்க.

"ஒரு வரிகூட விடலக்கா. சி மொழியில இருந்தத அப்படியே பைத்தான்ல எழுதினேன். அப்புறம் எப்படிக்கா செத்துச்சு?"

கேட்டது கவியரசன். கேட்டது ஷமீலா அக்காகிட்ட. பழைய ப்ரோகிராம் அவங்க எழுதினது. அவனுக்கு ப்ரோகிராம் எழுதக் கத்துக்குடுத்ததும் அவங்கதான்.

செத்தது லூர்து அண்ணனோட இறால். எட்டுக் குட்டை. புடிக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்துச்சு.

குட்டைக்கு ஒரு காத்து மோட்டர், தண்ணியில காத்து ஏத்தலன்னா இறால் மூச்சு முட்டிச் செத்துடும். எட்டையும் சேத்துப் போட்டா ஜெனரேட்டர் தாங்காது. அதனால ப்ரோகிராம் ஒவ்வொன்னா முறை வச்சு ஓட்டும். எட்டு முடிஞ்சா மறுபடி ஒன்னு.

அக்கா திட்டல. அதான் பயமா இருந்துச்சு.

"உன் லூப் என்ன பண்ணுது, சொல்லு."

"ஒன்னுல ஆரம்பிக்கும். அந்த ஒன்னு எத்தனாவது இடத்துல இருக்கோ அந்த மோட்டரைப் போடும். அந்த ஒன்னை இடது பக்கம் ஒரு இடம் தள்ளும். அடுத்த மோட்டர். எல்லா இடமும் ஜீரோ ஆனா நிக்கும், திரும்ப மொதல்லேருந்து."

"நட."

"எங்கக்கா?"

"கரை மேல. குட்டைய எண்ணிக்கிட்டே நட. நான் சொல்ற வரைக்கும் நிக்காத."

நடந்தான். ஒன்னு. ரெண்டு. குட்டை பூரா இறால் வெள்ளையா மெதந்துச்சு.

ஏழு. எட்டு.

அதோட கரை முடிஞ்சிடும். அந்தப் பக்கம் கடல்.

நின்னான்.

"நிக்கச் சொன்னேனா?"

"அக்கா, பேன்ட்டு..."

"நட."

முட்டி நனைஞ்சுச்சு. "ஒன்பது."

இடுப்பு நனைஞ்சுச்சு. "பத்து."

"அக்கா, இங்க குட்டையே இல்லக்கா."

"அப்புறம் ஏன் போற?"

அலை வந்து அவன் நெஞ்சுல அடிச்சுது. அக்கா பக்கம் திரும்பினான்.

"சி-ல அந்த ஒன்னை வச்சிருக்கற பெட்டியில எட்டே இடம். எட்டுக்கு மேல தள்ளினா ஒன்னு வெளிய விழுந்துடும். ஜீரோ ஆயிடும். பைத்தான்ல விழாதுக்கா. இடம் போட்டுக்கிட்டே போகும். இல்லாத மோட்டரத் தேடி இன்னும் போய்க்கிட்டு இருக்கு. மொதக் குட்டைக்குத் திரும்பவே இல்ல."

அக்கா செருப்போட தண்ணியில எறங்கி அவன் பக்கத்துல போய் நின்னாங்க.

"எட்டோட நில்லுன்னு நானும் எழுதலடா. பெட்டிக்கு விளிம்புதான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

கரையிலேருந்து லூர்து அண்ணன் கத்தினாரு.

"ரெண்டு பேரும் மேல வாங்க. இதுக்கு மேல எனக்கு எதுவும் சாக வேணாம்."

நான் எங்க இருந்தேன்னு கேக்குறீங்களா? அவருக்குப் பின்னாடி. ஒரு ஜோக்குகூட வரல.

முந்தின நாளு புது ப்ரோகிராமைப் போட்டுட்டு, மோட்டரைப் பாத்துக்கச் சொல்லி கவி என்னத்தான் உக்கார வச்சான். "ரெண்டாவது சுத்து வருதான்னு பாத்துட்டுப் போடா"ன்னான்.

எட்டும் அழகா ஓடுச்சு.

நான் ஒரு சுத்துதான் பாத்தேன். "சூப்பர்டா"ன்னு மெசேஜ் போட்டுட்டு, பரோட்டா சாப்பிடப் போயிட்டேன்.