மாடிப்படிக்குக் கீழே மூணாம் நம்பர்

வள்ளியூர்ப் பக்கம் ஒரு வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, நான்கு பேட்டரிகள் வேலை பார்த்துவந்தன. அவற்றுக்கு நடந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்ல வேண்டும். வரிசை தவறினால் அநியாயம் செய்தவனுக்குத்தான் வசதி.

முதலாவது: ஒரே வண்டியில், ஒரே நாளில் வந்து இறங்கியும், இன்வெர்ட்டருக்குக் காற்றோட்டமான கூடத்துச் சுவர் கிடைத்தது. பேட்டரிகளுக்கு ஜன்னல் இல்லாத படியடி கிடைத்தது.

இரண்டாவது: அந்த வருடத்து ஆயுத பூஜையில் இன்வெர்ட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். பேட்டரிகளின் தலைமேல் செருப்பு ஸ்டாண்டை வைத்தார்கள்.

மூன்றாவது: எட்டு விளக்கு, நான்கு மின்விசிறி, ஒரு டி.வி. என்பதுதான் பேச்சு. இரண்டாம் வருடம் பிரிட்ஜ் ஏறியது. மூன்றாம் வருடம் தண்ணீர் மோட்டார் ஏறியது. சுமக்கிறவர்களை யாரும் கேட்கவில்லை.

நான்காவது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரித் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது ஆறு மாதமாயிற்று. பிறகு அதுவும் நின்றது. மூடியில் தலை தூக்கி நிற்க வேண்டிய சிவப்பு மிதவைகள் உள்ளே மூழ்கியபோது, வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சமையலறையிலிருந்து குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து ஊற்றினார். உள்ளே தகடுகள் எரிந்தன.

ஐந்தாவது: சுமை தாங்காமல் விளக்கு அணைந்த ஒவ்வொரு முறையும் இன்வெர்ட்டர் தன் முகத்தில், 'பேட்டரி குறைவு' என்று எழுதிக் காட்டியது. 'சுமை அதிகம்' என்று ஒரு நாளும் எழுதவில்லை.

இந்த ஐந்தையும் மனப்பாடமாக வைத்திருந்தது மூணாம் நம்பர். அதற்கு வேறு பெயர் கிடையாது. மாட்டிய அன்று எலெக்ட்ரீஷியன் காஜா வெள்ளைப் பெயின்ட்டால் வயிற்றில் '3' என்று எழுதியதுதான் பெயர்.

நான்கும் ஒரே வரிசையில் கட்டப்பட்டவை. ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததற்கு ஓட்டம்; ஒன்று நின்றால் நான்கும் நிற்கும். ஒற்றுமையைப் பற்றி மேடை போட்டுக் கத்த வேண்டிய அவசியமே இல்லை, அது செம்புக் கம்பியிலேயே இருந்தது. மூணாம் நம்பர் அப்படித்தான் நம்பியது.

ஒரு நாள் மனைவி உலகம்மாளிடம் பேசிக்கொண்டிருந்த ஆவுடையப்பனின் குரல் படியில் இறங்கி வந்தது. "மாடியில இன்னும் ஆறு சோலார் பேனல். கீழ புதுசா நாலு பேட்டரி, இன்னொரு இன்வெர்ட்டர். சிஸ்டத்தைப் பெருசாக்கிருவோம், உலகு."

"கேட்டீங்களாலே?" என்றது மூணாம் நம்பர். "எட்டுப் பேரு. இனிமே பாதிச் சுமைதான்."

நாலாம் நம்பருக்கு உப்புப் பூத்த முனையில் ஓயாத இருமல். "நீ ஒருத்தன். ஆளைக் கூட்டுறவன் சுமையைக் கூட்டாம விடுவானா?"

"மெதுவாப் பேசுங்கவே, இன்வெர்ட்டர் அண்ணாச்சி காதுல விழும்" என்றது ஒண்ணாம் நம்பர். இன்வெர்ட்டரின் சிவப்பு வயர் அதன் தலையில்தான் முறுக்கப்பட்டிருந்தது. அதை அது ஒரு பதவி என்று நினைத்திருந்தது.

அன்றைக்கே மூணாம் நம்பர் தீர்மானம் கொண்டுவந்தது. தண்ணீர் ஊற்றும் வரையில், சுமையை வரையறுக்கும் வரையில், புதியவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்துவது. அளந்து பார்க்க வந்தால் நாலு பேரும் உள்ளதை உள்ளபடி காட்டுவது. ஒண்ணாம் நம்பர் முனகியபடி சரி என்றது. ரெண்டாம் நம்பர், எல்லோரும் சரி என்றதால் சரி என்றது. நாலாம் நம்பர் இருமிக்கொண்டே தலையாட்டியது.

ஊருக்கு மாதாந்திர மின்தடை அறிவித்திருந்த நாளில் புதியவை வந்து இறங்கின. ஐந்து வந்தன. நான்கு வேலைக்கு. ஐந்தாவது கையிருப்பு.

"அண்ணாச்சி, பழசையும் புதுசையும் ஒண்ணாக் கட்டக்கூடாது" என்றார் காஜா. "பழசு புதுசையும் சேர்த்து இழுத்துரும்."

"பழசு இன்னும் ரெண்டு வருசம் உழைக்கும்வே. நல்லாத்தானே கெடக்கு? கட்டும்."

காஜா கட்டினார். கூடத்துச் சுவரில் பழைய இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் புதியதை மாட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிளைச் செருகினார். மறுநொடி இரண்டும் ஒன்றாகப் பச்சைக் கண்ணைச் சிமிட்டின. மேஸ்திரிகள் ஒன்று சேர அவ்வளவு போதும். தீர்மானம்கூட வேண்டாம்.

படிக்குக் கீழே மூணாம் நம்பர் புதியவர்களிடம் பேசியது. ஐந்து அநியாயங்களையும் வரிசையாகச் சொன்னது. "இன்னைக்கு நமக்கு நடந்தது நாளைக்கு உங்களுக்கு. நாம எட்டுப் பேரும் நின்னுட்டா ரெண்டு இன்வெர்ட்டரும் வெறும் தகரம்."

புதியவற்றின் மிதவைகள் செக்கச் செவேலென்று மேலே நின்றன. "எங்களுக்குத் தண்ணி நெறைய இருக்கே" என்றது ஒன்று.

"எங்களுக்கும் இருந்துச்சு."

கையிருப்புக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதுதான் ஓங்கிச் சிரித்தது. "பெரியவரே, குடிச்சே காலத்தைக் கழிச்சிட்டு எங்களையும் கெடுக்கப் பாக்கீரா? எனக்கெல்லாம் வேலையே கிடையாது தெரியுமா? சும்மா நிக்கவே கூட்டியாந்திருக்காங்க."

"உன்னை எதுக்கு நிப்பாட்டி வச்சிருக்காங்கன்னு யோசிச்சியாலே?"

"போவும் வே!"

கூடத்தில் கூட்டம். பக்கத்து வீட்டு மாசானமும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும் பெருமை பார்க்க வந்திருந்தார்கள். ஊரே கரண்ட் இல்லாமல் வேர்த்துக்கொண்டிருந்தபோது ஆவுடையப்பன் ஏ.சி.யைப் போட்டார். உலகம்மாள் உள்ளேயிருந்து, "கிரைண்டரும் போடலாமா?" என்றாள். "மோட்டாரும் சேர்த்துப் போடு!" என்றார் அவர்.

வானம் மூடிக்கொண்டு வந்தது. மாடியில் பேனல்கள் கையை விரித்தன. சுமை முழுவதும் படிக்குக் கீழே இறங்கியது.

மூணாம் நம்பர் நின்றது.

பழைய வரிசையின் நான்கும் நின்றன. புது வரிசை மட்டும் தனியாக இழுத்துப் பார்த்து மூச்சு முட்டியது. இரண்டு இன்வெர்ட்டர்களும் ஒரே குரலில் அலறின, ஒரே வாசகத்தை எழுதின: 'பேட்டரி குறைவு'. கிரைண்டர் பாதி மாவோடு நின்றது.

"ஏ.சி. நல்லா இருக்கு அண்ணாச்சி, ஊமையா இருக்கு" என்றார் மாசானம்.

காஜா செருப்பு ஸ்டாண்டை நகர்த்தி மூடிகளைத் திறந்தார். "அண்ணாச்சி, இதுல என்னத்தை ஊத்துனீங்க?"

"கேன் தண்ணிதான். மினரல் வாட்டர் வே! என் பேரனுக்கே அதைத்தான் குடுக்கேன்."

"பேரன் குடிக்கலாம். பேட்டரி குடிச்சா தகடு செத்துரும். நாலுலயும் காஞ்சு கெடக்கு. மேல சுமையை வேற ஏத்தி வச்சிருக்கீங்க."

ஏழு வருடத்தில் முதல்முறையாக உண்மை, நான்கு மனிதர்கள் கேட்க, வெளிச்சத்தில் வந்து நின்றது. மூணாம் நம்பரின் வற்றிப்போன வயிற்றில் ஏதோ நிறைந்தது. இதை எழுதட்டும், இது போதும் என்று நினைத்தது.

காஜா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "மாத்து பேட்டரி வேணும்னா ரெண்டு சாட்சி முன்னால அளந்து, பழுதானதைப் படிச்சுக் காட்டி எழுதணும். கம்பெனி சட்டம்."

"எழுதும். கேன் தண்ணியை மட்டும் எழுதிராதேயும், மாத்து தரமாட்டான்."

"அதை எழுதக் கட்டமே கெடையாது அண்ணாச்சி. நம்பரும் வயசும்தான்."

அளவுக் கருவி ஒண்ணாம் நம்பரின் தலையைத் தொட்டது. அது உள்ளே மிச்சமிருந்த உயிரையெல்லாம் முள்ளுக்குக் கொடுத்தது. முள் ஏறியது. "பரவால்ல" என்றார் காஜா.

"ஏலே, என்ன செய்யுத?" என்றது மூணாம் நம்பர்.

"எனக்குப் பதவி இருக்குலே."

ரெண்டாம் நம்பர், ஒண்ணாம் நம்பர் செய்ததையே செய்தது. நாலாம் நம்பர் இருமலை அடக்கிக்கொண்டு, மூணாம் நம்பரின் பக்கம் திரும்பாமலே முள்ளை ஏற்றியது.

மூணாம் நம்பர் உள்ளதை உள்ளபடி காட்டியது.

காஜா எழுதி முடித்து, மாசானத்தையும் போஸ்ட்மாஸ்டரையும் அருகில் அழைத்து உரக்கப் படித்தார். "பழுதானது, மூணாம் நம்பர். காரணம், வயசு."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் பேனாவை மூடியபடி, "ஒண்ணு கெட்டா எல்லாத்தையும் கெடுத்துருது பாருங்க" என்றார்.

"கெட்டதை வெளிய தூக்கும், கையிருப்பை அங்க மாட்டும்" என்றார் ஆவுடையப்பன்.

"மூணு பழசுக்கு நடுவுல ஒரு புதுசா? ஆறு மாசம் தாங்காது அண்ணாச்சி."

"மாட்டும்வே. பொறவு பாத்துக்கிடலாம்."

மூணாம் நம்பரை முற்றத்தில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து பார்த்தால் படியடி நன்றாகத் தெரிந்தது. கையிருப்பின் உறை கிழிபட்டது. இருபுறமும் வயர் முறுக்கும்போது அது, "எனக்கு வேலை இல்லைன்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டது. "மெதுவாப் பேசுலே" என்றது ஒண்ணாம் நம்பர். உலகம்மாள் குடிதண்ணீர்க் கேனை எடுத்து, மறுபடி தேவைப்படும் என்று, படிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

தலைமேல் செருப்பு ஸ்டாண்டு ஏறியது.

காஜா வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டுப் புதியதன் வயிற்றில் எழுதினார். மூணாம் நம்பர் முற்றத்திலிருந்து கத்தியது. கம்பி இல்லாத இடத்தில் அதன் குரல் யாருக்கும் போகவில்லை.

"சாட்சி ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க, இதுக்கும் ஒரு கையெழுத்து வேணும்" என்று படிவத்தைத் தூக்கிப் பிடித்து, புதியதன் பெயரைக் காஜா உரக்கப் படித்தார்:

"மூணாம் நம்பர்."