வரப்பில் போன நத்தை

கேளுங்கள் கண்ணுகளே. முன்னொரு காலத்தில் மருதூரை ஆண்ட ராஜாவுக்குப் பாட்டென்றால் உயிர். சமையல்காரர் வேலைக்கு வந்தவரைக்கூட ஒரு பாட்டுப் பாடச் சொல்லித்தான் சேர்ப்பார். அரண்மனைக் குழம்பில் உப்பு இருந்ததே இல்லை.

ஒரு கோடையில் ஏரிக்குப் புது மடைக்காவலர் வேண்டியிருந்தது. இருந்ததோ கொஞ்சம் தண்ணீர். மடையைத் திறப்பவர் மனம் வைத்தால்தான் கடைசி வயலுக்கு அது போய்ச் சேரும். அந்த வயல் பூவாயியுடையது. அவள் நாற்று நான்கு நாள் தாங்கினால் அதிகம்.

தண்ணீர் யாருக்குக் கடைசியில் வருமோ, காவலரைத் தேர்ந்தெடுக்க அவருக்கே முதல் சொல் என்பது மருதூர் வழக்கம். ராஜா சபையில் பூவாயி முன் மூவரை நிறுத்தினார். "வரப்பில் ஒரு நத்தை போகிறது. பாடுங்கள்" என்றார்.

புலவர் மகன் பாடினான்:
"ஐயோ பாவம் சின்ன நத்தாய்,
அள்ளி எடுத்தேன், என் அருளால் பிழைத்தாய்."
சபை உருகியது.

வணிகர் பாடினார்:
"ஓட்டைச் சுமந்தும் ஓயாத நத்தாய்,
உழைப்பின் பாடம் எனக்கே தந்தாய்."
சபை கைதட்டியது.

பரிசல்காரன் மாசிலான் தலையைச் சொறிந்தான்:
"எனக்கு முன்னே போகிறாய் நத்தாய்,
அந்தப் பக்கம் உனக்கும் ஏதோ வேலை.
நீ போ, நான் நிற்கிறேன்."
சபை சிரித்தது.

பூவாயி மாசிலானைக் கைகாட்டினாள்.

"மோனையே இல்லையே, அம்மா" என்றார் ராஜா, பாவம், நிஜமாகவே வருந்தி.

"மோனை என் வயல்ல பாயுமா மகாராசா? மொத ஆளு பாட்டுல பாதி அவரு பெருமை. அவருகிட்ட தண்ணி வாங்க தெனம் கும்புடு போடணும். ரெண்டாவது ஆளுக்கு நத்தையால லாபம். எங்களால லாபம் இல்லன்னா மடையை மறந்துருவாரு. இவரு நத்தைக்கும் ஒரு சோலி இருக்குன்னு ஒதுங்கி நின்னாரு. என் நாத்தோட அவசரம் இவருக்குத்தான் புரியும்."

ராஜா மடைச் சாவியை மாசிலான் கையில் வைத்தார்.

அன்று மாலையே தண்ணீர் வந்தது. மேல் வயல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "உங்க பயிர் நாலு நாள் கழிச்சும் இருக்கும், பூவாயி நாத்து இருக்காது" என்றான் மாசிலான். நனைந்த நாற்றங்காலில் உட்கார்ந்து பூவாயி அழுதாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

சின்ன உயிருக்கு இரங்குவதைவிட, அதற்கும் ஒரு வேலை உண்டென்று மதித்து வழிவிடுபவரே பெரிய பொறுப்புக்குத் தகுந்தவர்.