எருமை முதுகில் ஏறிய உபதேசியார்

கோடை வந்தால் தண்ணீருக்குத் தவிக்கிற ஒரு காட்டில், விலங்குகளும் பறவைகளும் இயேசு சாமியைக் கும்பிட்டு வந்தன. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. சாமி மாட்டுத் தொழுவத்தில் பிறந்தபோது பக்கத்தில் படுத்திருந்தது யார்? நீங்களா, நானா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எல்லாம் மொட்டைப் பாறையில் கூடும். வெள்ளை அங்கி மாட்டியதுபோல் இருக்கிற கொக்குதான் அங்கே உபதேசியார். பாட்டைத் தொடங்குமுன் அவர் ஒன்று கேட்பார்.

"இன்றைக்கு யார் வரவில்லை?"

யாராவது வரவில்லை என்றால் பாட்டும் கிடையாது, ஜெபமும் கிடையாது. எல்லாருமாகப் போய்த் தேடிக் கூட்டி வந்த பிறகுதான் ஆராதனை.

"நம்மைத் தேடி வந்தவர் அல்லவா ஆண்டவர்! நாம் தேடாமல் எந்த வாயால் பாடுவது?" என்பார் உபதேசியார். அப்போது அவர் நல்லவராகத்தான் இருந்தார்.

ஒரு கோடையில், மேட்டிலிருந்து உருண்டு வந்த பெரும்பாறை ஒன்று காட்டிலிருந்த ஒரே ஊற்றின் வாயில் உட்கார்ந்துகொண்டது. யார் தள்ளியும் அசையவில்லை. தாகத்தில் குஞ்சு குட்டியெல்லாம் துவண்டு கிடந்தன. காட்டெருமை வந்தது. தலையைக் குனிந்து ஒரே முட்டு. பாறை புரண்டது, தண்ணீர் பீறிட்டது.

நல்ல காரியம்தான். நன்றி சொல்லியிருக்கலாம். முதுகைச் சொறிந்து விட்டிருக்கலாம். அதோடு விட்டார்களா?

"தலைவர் வாழ்க!" என்று கத்தியது குரங்கு. மறுநாள், "எங்கள் தெய்வமே!" என்றது. மூன்றாம் நாள் உபதேசியார் பறந்து வந்து எருமையின் முதுகிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை.

"சகோதர சகோதரிகளே, இந்தக் காட்டுக்கு வந்த மீட்பர் இவரே!" என்றார், ஓர் உண்ணியை விழுங்கிவிட்டு.

எருமைக்குக் கூச்சமாகிவிட்டது. "ஐயா, நான் சும்மா ஒரு முட்டு முட்டினேன். அவ்வளவுதான்."

"பார்த்தீர்களா தாழ்மையை!" என்றார் உபதேசியார். கூட்டம் தேம்பித் தேம்பி அழுதது.

அடுத்த ஞாயிறு மொட்டைப் பாறையின் நடுவில் எருமை நின்றது. பாட்டில் 'தேடி வந்தவரே' என்று வருகிற இடத்தில் 'முட்டித் தந்தவரே' என்று மாற்றிப் பாடினார் உபதேசியார். ராகம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆள்காட்டிக் குருவிக்கு மனதில் பட்டதை அடக்கத் தெரியாது. "உபதேசியாரே, யார் வரவில்லை என்று கேட்காமலே பாடிவிட்டீரே?"

"இனி அது எதற்கு? பெரியவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்."

"எப்படிப் பார்ப்பார்? கண்ணை மறைத்துக்கொண்டு விசிறி வீசுகிறதே குரங்கு!"

"நீ எந்தக் கட்சிடீ?" என்று பல்லைக் காட்டியது குரங்கு. அன்றோடு ஆள்காட்டிக்குப் பாறையில் இடமில்லை என்று ஆனது. அது பள்ளத்துப் பக்கம் போய்த் தனியாகக் குடியிருந்தது.

நாளாக ஆக எருமைக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. 'வாழ்க' என்ற சத்தம் காதில் விழாவிட்டால் அதற்குப் புல்லே இறங்கவில்லை.

ஒரு ஞாயிறு வானம் கறுத்து இடி முழங்கியது. வெள்ளாடு மூச்சிரைக்கப் பாறைக்கு ஓடி வந்தது.

"என் குட்டியைக் காணோம்! யாராவது வாங்களேன், தேடலாம்!"

"பதறாதே அம்மா. பெரியவரிடம் ஒரு மனுக் கொடு," என்றார் உபதேசியார்.

"மனுவா? மழை கொட்டப் போகுதய்யா!"

எருமை தொண்டையைச் செருமிக்கொண்டது. "தாயே, உன் துயரத்தில் நானும் பங்கு கொள்கிறேன். ஆவன செய்யப்படும்."

கூட்டம் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தது. குரங்கு ஆனந்தக் கண்ணீர் விட்டது.

"செய்யப்படும் என்றால் எப்போது?" என்றது ஆடு.

"என்ன கேள்வி இது! உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று அதட்டினார் உபதேசியார்.

ஆடு உபதேசியாரைப் பார்த்தது. எருமையைப் பார்த்தது. பிறகு இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னங்கால்களை மடக்கியது.

"ஆண்டவரே, தொலைந்துபோன ஒன்றைத் தேடிப் போகிறவர் நீர். நான் புறப்பட்டுவிட்டேன். கூட வாரும்."

எழுந்து ஓடியது. அந்நேரம் பள்ளத்திலிருந்து ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. "இங்கே! இங்கே! பாறை இடுக்கில் விழுந்து கிடக்கிறது! தண்ணீர் ஏறுது!"

முதலில் உடும்பு நகர்ந்தது. பிறகு மான்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறை காலியானது. எருமைக்கும் நிற்க முடியவில்லை, காலை எடுத்து வைத்தது.

"ஐயோ, மீட்பர் சேற்றில் இறங்கலாமா?" என்று பதறினார் உபதேசியார். எருமை இறங்கியது. சேறு தெறித்தது. அங்கி கெட்டுவிடும் என்று உபதேசியார் பறந்துவிட்டார்.

"பெரியவர் வந்துவிட்டார்! இப்போது பாருங்கள் அற்புதத்தை!" என்றது குரங்கு. எல்லாம் கைகட்டி நின்றன. எருமை இடுக்குக்குள் தலையை விட்டது. கொம்பு சிக்கிக்கொண்டது. உள்ளே குட்டியின் கழுத்துவரை தண்ணீர்.

பிய்த்துக்கொண்டு தலையை எடுத்த எருமை அலறியது. "என்னை ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? நான் மாடு! வெறும் மாடு! இதற்குள் என் மூக்குகூடப் போகாது. யாராவது இறங்குங்கள்!"

அப்போதுதான் எல்லாருக்கும் கைகால் இருப்பது நினைவுக்கு வந்தது. குரங்கு ஒரு நீளக் கொடியை அறுத்தது. உடும்பு அதைக் கவ்விக்கொண்டு இடுக்கில் நுழைந்து குட்டியின் வயிற்றைச் சுற்றிக் கட்டியது. மறுமுனையைக் கொம்பில் மாட்டி எருமை இழுத்தது. குட்டி இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தது. ஆடு அதை நக்கிக்கொண்டே அழுதது.

"ஆண்டவரே, கூட வந்தீரே!" என்றது.

அடுத்த ஞாயிறு பாறையின் நடுவில் யாரும் நிற்கவில்லை. எருமை கடைசி வரிசையில், உடும்புக்குப் பக்கத்தில் நின்றது. ஆள்காட்டியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

"இன்றைக்கு யார் வரவில்லை?" என்று கேட்டது அது.

"உபதேசியார்."

ஓடைக்கு அக்கரையிலிருந்து காற்றில் ஒரு பாட்டு வந்தது. அங்கே ஒரு யானையின் முதுகில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. 'தும்பிக்கை தந்தவரே' என்று பாடிக்கொண்டிருந்தது. ராகம் அதேதான்.

"போனவர் போகட்டும்! இங்கே யார் அழுதது?" என்றது குரங்கு.

வெள்ளாடு பெருமூச்சு விட்டது. "எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் போய்க் கூட்டி வராமல் எப்படிப் பாடுவது?"

முதலில் புறப்பட்டது எருமைதான்.

"வாங்க, வாங்க," என்றது. "முதுகும் ரொம்ப அரிக்குது."

நீதி: தலைவருக்கு நன்றி சொல்லலாம், அவரிடம் வேலையும் கேட்கலாம், கும்பிடு மட்டும் ஆண்டவருக்கே.