பன்னிரண்டு வருடச் சருகு

“பன்னெண்டு வருசம் ஒரு பொறி விழாம காத்தேன். அப்புறமும் காடு ஏன்மா எரிஞ்சுது?”

கேட்டவர் வனவர் பரஞ்சோதி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

கேட்கப்பட்டவள் மாதி. அந்த மலையிலேயே பிறந்தவள், அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன், காட்டுக்குத் தீ வைத்தாள் என்று அவளைப் பிடித்து ஆறு மாதம் உள்ளே வைத்ததும் இதே பரஞ்சோதிதான். அதற்குப் பிறகு மலையில் யாரும் வருடாவருடம் வைப்பதுபோல் சருகுக்கு நெருப்பு வைக்கவில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

மேல்பதிக் குடியிருப்பு எரிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பதினேழு வீடும் போயின. மாதியின் தங்கையும் போனாள்.

மாதி எழுந்து நடந்தாள். அவர் பின்னால் போனார்.

கீழ்ப்பதிக்கு மேலே, இன்னும் எரியாத சரிவில் நின்றாள்.

“பூட்ஸைக் கழட்டிட்டு இறங்குங்க.”

இறங்கினார். சருகு கணுக்காலைத் தாண்டி ஏறியது.

“காலுக்கு மண்ணு தட்டுதா?”

“இல்ல.”

“எத்தன வருசத்துச் சருகு?”

அவர் குனிந்து ஒரு கை சருகை அள்ளினார். கணக்கு அவருக்குத் தெரியும்.

கீழே நாற்பது வீட்டுக் கூரைகள் தெரிந்தன. ஒரு வாசலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த பங்குனிக்கு இதுவும் போயிடுமா?” என்று கேட்டார்.

“போகும்.”

பரஞ்சோதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இந்த மலையில் அவர் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை.

“எனக்குக் கத்துக்குடும்மா. எந்த மாசம் சருகுக்கு நெருப்பு வைக்கணும், எந்தப் பக்கத்துல இருந்து வைக்கணும், ஒண்ணும் எனக்குத் தெரியாது. மேல இருக்கறவங்க கால்ல விழுந்தாவது அனுமதி வாங்கிட்டு வர்றேன்.”

மாதி சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

“அன்னிக்கே சொன்னேனே ஐயா. தை மாசம், பனி ஈரம் காயறதுக்கு முன்ன, மேட்டுல வச்சுக் கீழ இறக்கணும், பொழுது சாயறதுக்குள்ள அதுவே அணைஞ்சுரும்னு. ஒண்ணு விடாம சொன்னேன்.”

“யார்கிட்டம்மா சொன்ன?”

“உங்ககிட்டதான். நீங்களும் ஒரு வார்த்தை விடாம எழுதுனீங்க. மேல வாக்குமூலம்னு போட்டு, கீழ என் கட்டைவிரலை அமுக்கி வாங்கிக்கிட்டீங்க. ஆபீஸ் பீரோவுல இருக்கும், எடுத்துப் படிங்க.”